காசி யாத்திரையில் ஒரு ராக் தகராறு

உலகத்திலேயே பெரிய ராக் குழு எது என்று யாராவது என் எதிரில் பேச்செடுத்தால் நான் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவேன். திமிர் என்று நினைத்தாலும் பரவாயில்லை. அந்த ஒரு கேள்வி என் கல்யாணத்தை நடுரோட்டில் கொண்டுவந்து நிறுத்தியது. பேச்சுக்குச் சொல்லவில்லை. தில்லி ஆர்.கே.புரத்தில், பால் பூத்துக்கு எதிரில், ஆட்டோ ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், பட்டப்பகலில் நின்றது.

சண்டைக்குக் காரணமான இரண்டு குழுக்களின் பெயரையும் இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் நீங்களும் ஏதாவது ஒரு கட்சியில் சேர்ந்துகொண்டு எனக்குப் புத்தி சொல்ல ஆரம்பித்துவிடுவீர்கள். எங்கள் அம்மா வைத்த பெயர்களே போதும். என் அண்ணனுக்குப் பிடித்த குழுவை அம்மா ‘கத்தறவா’ என்பாள். எனக்கு நிச்சயித்திருந்த மாப்பிள்ளைக்குப் பிடித்த குழு ‘முனகறவா’. இரண்டுமே சீமைக் குழுக்கள். இரண்டு குழுவிலும் எல்லோருக்கும் தோள் வரைக்கும் முடி. எங்கள் வீட்டைப் பொறுத்தவரை வித்தியாசம் அவ்வளவுதான்.

அப்பா மத்திய சர்க்காரில் செக்‌ஷன் ஆபீசர். ஆர்.கே.புரத்தில் இரண்டு அறை குவார்ட்டர்ஸ். அந்த வருஷக் கடைசியில் அவருக்கு ஓய்வு. ஓய்வு பெற்றால் குவார்ட்டர்ஸைக் காலி பண்ண வேண்டும். காலி பண்ணினால் தில்லியில் எங்கே போவது, சொந்த ஊரான கும்பகோணத்தில் யார் இருக்கிறார்கள் என்று தெரியாது. அதற்குள் என்னைக் கரையேற்றிவிட வேண்டும் என்பது அப்பாவுக்கு ஒரே குறி. எனக்கு ஏற்கெனவே இரண்டு வரன் வந்து தட்டிப் போயிருந்தது. இரண்டாவது தட்டியபோது அப்பா ஒரு வாரம் ஆபீஸிலிருந்து வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். மூன்றாவதும் தட்டினால் மனுஷன் உடைந்துபோய்விடுவார் என்று எனக்குப் பயம். அதோடு, சொல்வதற்கு என்ன வெட்கம், எனக்கு இந்த மாப்பிள்ளையை நிஜமாகவே பிடித்திருந்தது.

அவர் கரோல் பாகில் வளர்ந்தவர். ஒரு சர்க்கார் கம்பெனியில் இன்ஜினீயர். பெண் பார்க்க வந்த அன்றைக்கு எங்கள் வீட்டு டேப் ரெக்கார்டரையும் பக்கத்தில் அடுக்கியிருந்த கேசட்டுகளையும் பார்த்தார். “இதெல்லாம் யாரோடது?” என்றார். அண்ணன் நிமிர்ந்தான். அவ்வளவுதான். பஜ்ஜி ஆறியது, காபி ஆறியது, நானும் நின்றுகொண்டே ஆறினேன். இரண்டு பேரும் கீழே உட்கார்ந்து ஒவ்வொரு கேசட்டாக எடுத்துப் பார்த்தார்கள். பாலிகா பஜாரில் எந்தக் கடைக்காரன் நல்ல டேப்பில் பதிந்து தருவான், எவன் பழைய டேப்பைத் தலையில் கட்டுவான் என்று பேசினார்கள். மாப்பிள்ளையின் அம்மா, “அச்சா, மச்சினனோட ஒத்துமை வந்தாச்சு, இனிமே என்ன வேணும்” என்று தாம்பூலத்தை மாற்றச் சொல்லிவிட்டாள்.

ஒற்றுமை எத்தனை நாள் நின்றது என்கிறீர்கள்? அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் நின்றது.

நிச்சயம் ஆன பிறகு அவர் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஸ்கூட்டரில் வருவார். பேர் என்னவோ என்னைப் பார்க்க வருவதாகத்தான். வந்து வராந்தாவில் அண்ணனோடு உட்கார்ந்துவிடுவார். அண்ணன் என்னைவிடப் பெரியவன், அவரோடு ஒரே வயசு. ‘மாப்பிள்ளையை நீங்க என்று சொல்லு’ என்று அம்மா அண்ணனிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். பேச்சு அப்படித்தான் ஆரம்பிக்கும். “இல்லை மாப்பிள்ளை, நீங்க சொல்றது சரியில்லை.” கொஞ்சம் சூடானதும் இந்திக்குப் போய்விடும். இந்தியில் ‘நீ’ என்பதற்கு ‘தூ’ வந்துவிட்டால் மரியாதை எல்லாம் காலனியைத் தாண்டிப் போய்விட்டது என்று அர்த்தம்.

“அரே யார், உன் ஆளுங்க மேடையில ஏறினா பொம்மை மாதிரி நிப்பா. எங்காளு கிடாரைத் தொட்டான்னா பத்து நிமிஷம் அவன் ஒத்தன்தான். மத்தவா எல்லாம் வேடிக்கை பாக்கணும்” என்பான் அண்ணன்.

“அதுதான் உங்க பிரச்சினையே. பத்து நிமிஷம் ஒத்தன் தன்னோட சாமர்த்தியத்தைக் காட்டறான். பாட்டு எங்கே? எங்காளுங்க ரெக்கார்டுல ரெண்டு பக்கமும் சேர்ந்து ஒரே கதை. நடுவுல எழுந்து தண்ணி குடிக்கப் போனா கதை புரியாது.”

“தண்ணி குடிக்கப் போனவன் திரும்பி வரமாட்டான், தூங்கிடுவான்.”

“பக்வாஸ்!”

“நூறு வருஷம் கழிச்சு எதைக் கேப்பா, சொல்லு? எதைக் கேப்பா?”

அப்பா பேப்பரை இறக்காமலே, “ரெண்டு பேருக்குமே ஸ்ருதி சேரலை” என்பார். அதை இரண்டு பேரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள்.

ஒரு தடவை நான் காபி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, எனக்குக் கத்தறவாளிடம் ஒரு பாட்டும் முனகறவாளிடம் ஒரு பாட்டும் பிடிக்கும் என்று சொன்னேன். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருஷக்கணக்காகக் கேட்டவள் நான். எனக்கு அபிப்பிராயம் இருக்காதா? இரண்டு பேரும் ஒரே குரலில், “அந்தப் பாட்டா! அது ரேடியோக்காரங்களுக்காகப் பாடினது” என்றார்கள். அன்று முழுக்க அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான். டம்ளரைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். ஆனாலும் ஸ்கூட்டரைக் கிளப்பும்போது அவர் சமையலறை ஜன்னலைப் பார்த்து, “வரேன்” என்பார். அந்த ஒரு வார்த்தையை நான் அடுத்த ஞாயிறு வரைக்கும் வைத்துக்கொண்டிருப்பேன். என்னத்தைச் சொல்ல, அந்த வயசு அப்படி.

மாசி மாதத்தில் கல்யாணம். காலனிப் பார்க்கில் ஷாமியானாப் பந்தல் போட்டிருந்தது. முந்தின நாள் சாயங்காலம் ஜானவாசம். முருகன் கோயில் வாசலிலிருந்து மாப்பிள்ளையைக் கோட்டு சூட்டோடு திறந்த காரில் உட்கார வைத்து ஊர்வலமாக அழைத்துவர வேண்டும். அப்பா நாதஸ்வரத்துக்கு ஏற்பாடு செய்திருந்தார். அண்ணன் தன் பங்குக்கு, பஞ்சாபிக் கல்யாணங்களில் சிவப்புக் கோட்டுப் போட்டு டிரம்பெட் ஊதுவார்களே, அந்த பேண்ட் வாலாக்களையும் கூப்பிட்டிருந்தான். யாரிடமும் சொல்லாமல் அவர்களுக்கு டேப் ரெக்கார்டரில் ஒரு ராக் பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டிப் பழக்கியும் வைத்திருந்தான். மாப்பிள்ளைக்கு ஆனந்த அதிர்ச்சியாம்.

அதிர்ச்சிதான். கார் கிளம்பியது, நாதஸ்வரம் ஓய்ந்தது, சிவப்புக் கோட்டுக்காரர்கள் ஊத ஆரம்பித்தார்கள். ஊதியது கத்தறவாளின் பாட்டு.

மாப்பிள்ளை முகம் சிவந்துவிட்டதாம். கூட வந்த அவருடைய ஆபீஸ் சிநேகிதர்கள் காருக்குப் பக்கத்தில் ஓடி வந்து, “என்ன பாஸ், உன் ஜானவாசத்துல உன் எதிரிக்கட்சிப் பாட்டா?” என்று ஏற்றிவிட்டார்கள். ஊர்வலம் முடிந்து இறங்கினதும் அவர் அண்ணனிடம், “என்னை அவமானப்படுத்தணும்னே பண்ணியா?” என்று கேட்டார். இந்த இடத்தில் ஒரு புத்தியுள்ளவன் என்ன சொல்வான்? ‘மன்னிச்சுக்கோங்கோ, எல்லாம் விளையாட்டுக்கு’ என்பான். என் அண்ணன் என்ன சொன்னான் தெரியுமோ? “உங்காளு பாட்டை டிரம்பெட்டுல ஊதினா சவ ஊர்வலம்னு ஜனங்க ஒதுங்கி நின்னு கும்பிடுவா. கல்யாணத்துக்கு எது பொருந்துமோ அதைத்தானே போடணும்?” என்றான். அவன் அதை உண்மையாகவே நம்பினான். அதுதான் வினை.

பெரியவர்கள் எல்லாம் சாப்பிட்டுப் போன பிறகு, கடைசிப் பந்தியில் தகராறு முற்றிவிட்டது. இலையில் சாம்பார் காய்ந்துகொண்டிருக்க, இரண்டு கட்சியும் எதிரெதிரே உட்கார்ந்து கத்தியிருக்கின்றன. கடைசியில் மாப்பிள்ளை எழுந்து கையை உதறிவிட்டு, “நாளைக்குக் காலையில காசி யாத்திரைக்குள்ள இவன் வாயால, முனகறவாதான் பெரிய குழுன்னு ஒத்துக்கணும். இல்லேன்னா நான் நிஜமாவே போயிடுவேன்” என்றாராம். அம்மா வைத்த பெயரைச் சொல்லியா சொல்லியிருப்பார்? அசல் பெயரைச் சொல்லித்தான் சொன்னார். சிநேகிதர்கள் அதை வேடிக்கை என்று நினைத்துக் கை தட்டினார்கள்.

காசி யாத்திரை என்பது எங்கள் கல்யாணங்களில் முகூர்த்தத்துக்கு முன்னால் நடக்கும் ஒரு விளையாட்டு. மாப்பிள்ளை எனக்குக் கல்யாணம் வேண்டாம், நான் காசிக்குப் போய்ப் படிக்கப் போகிறேன் என்று மையிட்ட கண்ணோடு, புதுச் செருப்பு, கைத்தடி, விசிறி சகிதம் கிளம்புவார். பெண்ணின் அண்ணனோ தம்பியோ குடை பிடிப்பான். பெண்ணின் அப்பா தேங்காயோடு எதிரே போய், காசிக்குப் போக வேண்டாம், என் பெண்ணைத் தருகிறேன், வாருங்கள் என்பார். மாப்பிள்ளை உடனே திரும்பிவிடுவார். வாசலிலிருந்து நாலு அடி, திரும்பி நாலு அடி. எல்லோரும் சிரிப்பார்கள்.

அண்ணன் என்னிடம் வந்து பந்தியில் நடந்ததைச் சொன்னபோது கையில் மருதாணி காயாமல் உட்கார்ந்திருந்தேன்.

“ஒரு வார்த்தை. சொல்லித் தொலையேன்” என்றேன்.

“எப்படிடி சொல்றது? அது உண்மையில்லை.”

“உண்மையாவது ஒண்ணாவது! அப்பாவைப் பத்தி நினைச்சுப் பாத்தியா?”

“அவன் போகமாட்டான். சும்மா மிரட்டறான். நாலு பேருக்கு முன்னால என்னை மண்டியிட வைக்கணும், அதுதான் அவனுக்கு.”

“மண்டியிடேன். எனக்காக மண்டியிடக் கூடாதா?”

அவன் திரும்பிப் போய்விட்டான். நான் அவனை மனசுக்குள் என்னென்ன சொல்லித் திட்டினேன் என்பதை இங்கே எழுத முடியாது. அம்மாவிடம் சொல்லவில்லை. அப்பாவிடம் சொல்ல வாயே வரவில்லை. விடிந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன்.

காலையில் ஷாமியானா வாசலில் கையில் மாலையோடு நின்றேன். காசி யாத்திரை முடிந்து அவர் திரும்பினதும் மாலை மாற்றல். நாதஸ்வரக்காரர் ஆரம்பித்தார். மாப்பிள்ளை பஞ்சகச்சம் கட்டிக்கொண்டு, புதுச் செருப்பு கிறீச்சிட, வெளியே வந்தார். பக்கத்தில் அண்ணன் குடையோடு. இரண்டு பேர் முகத்தையும் பார்த்தேன். இரண்டிலும் சிரிப்பே இல்லை.

வாசலில் அப்பா சிரித்த முகமாகத் தேங்காயை நீட்டி, சாஸ்திரிகள் சொல்லிக் கொடுத்ததைச் சொன்னார். மாப்பிள்ளை நிற்கவில்லை. அப்பாவைச் சுற்றிக்கொண்டு தாண்டிப் போனார். கூட்டம் ‘ஓ’ என்று சிரித்தது. நாதஸ்வரக்காரர்கூட உற்சாகமாக ஒரு சங்கதி கூடப் போட்டார்.

நாலு அடி தாண்டியது. பார்க்கின் கம்பி வேலி தாண்டியது. குடை அசைந்து அசைந்து ரோட்டில் போய்க்கொண்டே இருந்தது. குடைக்குக் கீழே இரண்டு பேரும் கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டு போவது தெரிந்தது. என்ன பேசினார்கள் என்று அண்ணன் பிறகு சொன்னான். “ஒத்துக்கோ.” “முடியாது.” “உன் டிரம்மர் ஒரு தாளத்தையாவது ஒழுங்கா முடிச்சிருக்கானா?” “உன் பாட்டுக்காரன் வாயைத் திறந்து பாடியிருக்கானா?” இதுதான். என் வாழ்க்கை அந்தக் குடைக்குக் கீழே போய்க்கொண்டிருந்தது, இவர்கள் டிரம்மரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அப்பா பின்னாலேயே போனார். முதலில் சிரித்துக்கொண்டேதான் போனார். மேல்மாடி பால்கனிகளில் பஞ்சாபிக்காரர்கள் எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள். மதராசிக் கல்யாணத்தில் இப்படி ஒரு வேடிக்கை உண்டு என்று அவர்களுக்குத் தெரியும். எதிர்வீட்டு ஆன்ட்டி, “அரே, தூல்ஹா பாக் கயா!” என்று கை தட்டிக் கூவினாள். மாப்பிள்ளை ஓடிவிட்டானாம். அவள் வேடிக்கையாகத்தான் சொன்னாள். பெண்களெல்லாம் சிரித்தார்கள். அங்கே நின்ற அத்தனை பேரிலும் அது வேடிக்கை இல்லை என்று தெரிந்தவள் நான் ஒருத்தி. வாயைத் திறந்து சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் மாப்பிள்ளை போவார்.

பால் பூத் வந்தது. அப்பாவின் நடை மாறியது. வேகமாக நடந்தார், அப்புறம் ஓடினார். வெறும் கால், வெறும் மார்பு, கையில் தேங்காய். அப்பா ஓடி நான் அதற்கு முன் பார்த்ததில்லை. மாப்பிள்ளை ஆட்டோ ஸ்டாண்டில் நின்றார். ஒரு ஆட்டோவின் கம்பியில் கையை வைத்தார். “கரோல் பாக் சலோகே?” என்று டிரைவரைக் கேட்டாராம்.

அப்போது எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. மாலையோடு ரோட்டில் இறங்கினேன். “ஏண்டி, பொண்ணு வெளியில போகப்படாது!” என்று அம்மா கத்தினாள். போனேன். பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போனேன். நாதஸ்வரம் பாதியில் நின்றது. பால்கனியில் சிரிப்பு நின்றது. சாஸ்திரிகள் என் பின்னால் ஓடி வந்தார்.

நான் கிட்டே போனபோது அப்பா இரண்டு கையையும் கூப்பியிருந்தார். தேங்காயை அக்குளில் இடுக்கியிருந்தார். “மாப்பிள்ளை, எந்தத் தப்பா இருந்தாலும் நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன். என் பொண்ணை விட்டுட்டுப் போயிடாதீங்கோ” என்றார். சாஸ்திரிகள் சொல்லிக் கொடுத்த வரி இல்லை அது.  சடங்குக்குக் கெஞ்சுவதும் நிஜமாகக் கெஞ்சுவதும் பார்த்தாலே தெரியும்.  என்ன நடந்தது என்றே அவருக்குத் தெரியாது. எதற்கு மன்னிப்புக் கேட்கிறோம் என்று தெரியாமலே கேட்டுக்கொண்டிருந்தார்.

அண்ணன் அப்பாவைப் பார்த்தான். குடை தாழ்ந்தது. “சரி” என்றான், தரையைப் பார்த்து. “உங்காளுதான் பெரிய குழு. போதுமா? அவாதான் எல்லாரையும்விடப் பெரிசு.”

மாப்பிள்ளை ஆட்டோவிலிருந்து கையை எடுத்தார். முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது பாருங்கள், கேரம் போர்டில் ஜெயித்தவன் சிரிக்கிற மாதிரி. “அப்படி வா வழிக்கு” என்றார். அப்பாவின் தோளைத் தட்டி, “ஒண்ணுமில்லை, சும்மா விளையாட்டு. வாங்கோ போலாம்” என்றார். சாஸ்திரிகள் பெருமூச்சு விட்டு, “அப்பாடா! முகூர்த்தத்துக்கு நாழி ஆறது, மாலையை மாத்திக்கோங்கோ, இங்கேயே வேணா மாத்திக்கோங்கோ” என்று அவசரப்படுத்தினார்.

எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்தார்கள். ராத்திரியிலிருந்து நான் வேண்டிக்கொண்டதும் இதுதான். அண்ணன் சொல்லிவிட்டான், அவர் திரும்பிவிட்டார். ஆனால் மாலையைத் தூக்க என் கை எழவில்லை. பயம் எல்லாம் போய்க் கோபம் மட்டும் மிச்சம் இருந்தது.

“அப்பா, கையைக் கீழே போடுங்கோ” என்றேன். அப்பா இன்னும் கூப்பியபடியே நின்றிருந்தார். நானே போய் அந்தக் கைகளைப் பிரித்துவிட்டேன். பிறகு மாப்பிள்ளை பக்கம் திரும்பினேன். அதுவரைக்கும் அவரிடம் நான் நேராக ஒரு முழு வாக்கியம் பேசியதில்லை.

“எங்கப்பா உங்களைக் கேட்டாச்சு. ஒரு தடவை வாசல்ல கேட்டார், ரெண்டாவது தடவை நடுரோட்டுல கையைக் கூப்பிண்டு கேட்டார். இனிமே அவர் கேக்கமாட்டார். இப்ப நீங்க அவரைக் கேளுங்கோ.”

“என்ன கேக்கணும்?” என்றார். சிரிப்பு இன்னும் முழுக்கப் போகவில்லை.

“பொண்ணைத் தருவேளான்னு கேளுங்கோ.”

சாஸ்திரிகள் பதறிப்போய், “குழந்தே, இது சாஸ்திரத்துல இல்லையேம்மா” என்றார்.

“அவர் நிஜமா கிளம்பினது மட்டும் சாஸ்திரத்துல இருக்கா?”

 ஆட்டோ டிரைவர் எஞ்சினை அணைத்தான். அண்ணன், “விடுடி, நான்தான் ஒத்துண்டேனே” என்று முணுமுணுத்தான். “நீ வாயை மூடு. எந்தக் குழு பெரிசுங்கறதை ரெண்டு பேரும் ஆயுசு பூரா பேசிக்கோங்கோ. எனக்கு இந்த மனுஷர் கையைக் கூப்பினதுக்குப் பதில் வேணும்” என்றேன். சொல்லும்போதே தெரிந்தது, இவர் இப்போது ஆட்டோவில் ஏறிவிட்டால் எல்லாம் என்னால்தான் போயிற்று என்று ஊர் சொல்லும். அப்பாகூட அப்படி நினைக்கலாம்.  

அவர் என்னைப் பார்த்தார். அப்புறம் அப்பாவைப் பார்த்தார். அப்பாவின் வெறும் காலையும், மேலெல்லாம் வழிகிற வேர்வையையும் அப்போதுதான் பார்த்தார் என்று நினைக்கிறேன். சிரிப்பு போய்விட்டது. காது மடல் வரைக்கும் சிவந்தது. கைத்தடியை அண்ணனிடம் கொடுத்தார். செருப்பைக் கழற்றினார். அப்பாவுக்கு எதிரே போய்க் கையைக் கூப்பினார். குரல் அவருக்கே கேட்டிருக்குமோ என்னவோ.

“நான் பண்ணினது தப்பு. உங்க பொண்ணை எனக்குத் தருவேளா?”

அப்பா அக்குளிலிருந்து தேங்காயை எடுத்தார். அதை அவரிடம் நீட்டப் போனவர், பாதியில் நிறுத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினார். “நீ என்னம்மா சொல்றே?” என்றார்.

எனக்குச் சம்மதம்தான். அந்த நிமிஷத்தில் முன்னைவிட அதிகமாகவே சம்மதம். இருந்தாலும் உடனே சொல்லிவிடவில்லை. வெய்யிலில், வெறும் காலோடு, கூப்பிய கையோடு அவர் கொஞ்ச நேரம் அங்கேயே நிற்கட்டும் என்று நிற்க வைத்தேன். அதற்கப்புறம்தான் தலையை ஆட்டினேன்.